மொழிப் பிழையா, யோசனைக் குழப்பமா? எழுதத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலைக்காக எழுத வேண்டிய நிலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கவலைப்படுவது மொழியைப் பற்றித்தான். சொல்வளம் போதாது, இலக்கணம் தடுமாறுகிறது, ஒற்று எங்கே வரும் என்றே தெரியவில்லை என்பார்கள். கேட்பவர்களும் "நிறைய வாசி, தானாக வந்துவிடும்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். வாசிப்பது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் என் மேசைக்கு வரும் புரியாத கடிதங்களில் பெரும்பாலானவை மொழி தெரியாதவர்கள் எழுதியவை அல்ல. மொழி நன்றாகத் தெரிந்தவர்கள், என்ன சொல்ல வேண்டும் என்று முடிவு செய்யாமல் எழுதியவை.

இரண்டு மின்னஞ்சல்களை அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் நானே எழுதிக் காட்டும் மாதிரிகள்தான்; ஆனால் இந்த இரண்டு வகையையும் நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள்.

"கடந்த வாரம் நடைபெற்ற ஆலோசனையின் தொடர்ச்சியாக, பல்வேறு காரணங்களால் உருவாகியுள்ள சூழலைக் கருத்தில் கொண்டு, திட்டமிட்ட கால அட்டவணையில் சில மாற்றங்கள் தவிர்க்க இயலாதவையாக உள்ளன என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்வதோடு, இது குறித்துத் தகுந்த நடவடிக்கை மேற்கொள்ளுமாறும் கேட்டுக்கொள்கிறேன்."

"சார், தொகுப்பு பட்டியல் வெள்ளிகிழமை தர முடியாது, திங்கள் காலை 10 மணிக்கு தான் முடியும். 2 கிளை கணக்கு இன்னும் வரவில்லை அதுதான் காரணம். வெள்ளியே வேணும் என்றால் அந்த 2 கிளையை விட்டு மீதி 7 கிளைக்கு தரலாம். அப்படி தரவா இல்லை திங்கள் வரை பொருத்து கொள்வீர்களா, இன்று மாலைக்குள் சொன்னால் போதும்."

முதலாவதில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. ஆனால் படித்து முடித்தவருக்கு எது தாமதம், எத்தனை நாள், ஏன், தான் என்ன செய்ய வேண்டும் என்று எதுவுமே தெரியாது. "தகுந்த நடவடிக்கை" என்றால் என்ன என்று கேட்டு அவர் இன்னொரு கடிதம் எழுத வேண்டும். இரண்டாவதில் ஒற்றுகள் வரிசையாக விடுபட்டிருக்கின்றன, "பொறுத்து" என்பது "பொருத்து" ஆகிவிட்டது. இருந்தாலும் படித்தவர் அரை நிமிடத்தில் பதில் எழுதிவிடலாம்.

இது இன்று கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், ஒரு நூலில் வரக்கூடாத குற்றங்கள் என்று பத்தைப் பட்டியலிடுகிறது: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயனின்மை. இலக்கண நூல் எழுத உட்கார்ந்தவர், பிழையான சொல்லைப் பயன்படுத்துவதற்கு இந்தப் பத்தில் ஒரே ஒரு இடம்தான் கொடுத்திருக்கிறார். மற்றவை எல்லாம் பெரும்பாலும் யோசனையின் குற்றங்கள். வேண்டியதைச் சொல்லாமல் விடுவது, முன்னுக்குப் பின் முரணாகச் சொல்வது, ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றை விரிப்பது, வலுவாகத் தொடங்கி இளைத்துப்போய் முடிவது. எந்த அகராதியும் இவற்றைத் திருத்தித் தராது.

சொல்லப்போனால் இரண்டு குறைகளுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். மொழிப் பிழையை வேறு யாராவது திருத்திக் கொடுக்கலாம். நண்பர், மெய்ப்பு பார்ப்பவர், இன்றைக்கு ஒரு மென்பொருள்கூடப் போதும். நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்பதை உங்களைத் தவிர யாரும் திருத்த முடியாது. ஆகவே வேலை செய்ய வேண்டிய வரிசை கீழே உள்ளபடி.

படி 1: எது சிக்கல் என்று பிரித்துப் பாருங்கள்

எழுத உட்கார்ந்து கை நின்றுவிட்டால் உடனே "எனக்கு மொழி வரவில்லை" என்று முடிவு கட்டாதீர்கள். பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம், உங்களுக்குச் சரளமாக வரும் மொழியில், பேச்சு வழக்கிலேயே விஷயத்தைச் சொல்லிப் பாருங்கள். ஆள் இல்லையென்றால் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள்.

வாயால் சொல்லும்போது தெளிவாக வந்து, எழுதும்போது மட்டும் சிக்கினால் அது மொழிச் சிக்கல். சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு அப்புறம் திருத்தினால் போதும். வாயால் சொல்லும்போதே "அது வந்து... அதாவது... எப்படிச் சொல்றது" என்று சுற்றிச் சுற்றி வந்தால், இன்னும் சொல்லவேண்டியது என்ன என்பதே முடிவாகவில்லை. அந்த நிலையில் அகராதியைப் புரட்டுவது வீண் வேலை. எவ்வளவு நல்ல சொல் கிடைத்தாலும் அதை எங்கே வைப்பது என்று தெரியாது.

பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும். அப்போதும் யோசனையில்தான் தொடங்க வேண்டும். காரணம் எளிது: ஒரு பத்தியின் ஒற்றுகளையெல்லாம் பார்த்துப் பார்த்துத் திருத்திய பிறகு, அந்தப் பத்தியே தேவையில்லை என்று நீக்க யாருக்கும் மனம் வராது.

படி 2: படிப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரியில் எழுதுங்கள்

"எதைப் பற்றி எழுதப் போகிறேன்" என்ற கேள்வி போதாது. "தாமதம் பற்றி" என்பது ஒரு தலைப்பு, செய்தி இல்லை. "இதைப் படித்த பிறகு அவர் என்ன செய்ய வேண்டும், அல்லது என்ன தெரிந்திருக்க வேண்டும்?" என்று கேளுங்கள். பதிலை ஒரு முழு வாக்கியமாக, வினைமுற்றோடு எழுதுங்கள். "ஏழு கிளைகளுக்கு மட்டும் வெள்ளியன்று வேண்டுமா, எல்லாமே திங்களன்று போதுமா என்று மேலாளர் இன்று மாலைக்குள் சொல்ல வேண்டும்." இந்த வரி வந்துவிட்டால் மேலே பார்த்த இரண்டாவது மின்னஞ்சலில் பாதி முடிந்துவிட்டது.

அந்த ஒரு வரி வரவில்லையென்றால் எழுதாதீர்கள். யாரிடமாவது பேசுங்கள், இல்லையென்றால் விடுபட்ட தகவலைத் தேடுங்கள். பல நேரங்களில் அந்த வரி வராததற்குக் காரணம், ஒரு முக்கியமான தகவல் நம் கையில் இல்லை என்பதாகத்தான் இருக்கும்.

படி 3: உங்களுக்காக ஒரு முறை எழுதுங்கள், பிறகு முக்கியமான வரியைத் தேடி மேலே கொண்டுவாருங்கள்

"முழுதாக யோசித்துவிட்டுத்தான் எழுத வேண்டும்" என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எழுதும்போதுதான் யோசனையே தெளிகிறது, குறைந்தபட்சம் நம்மில் பெரும்பாலோருக்கு. அதனால் முதல் வரைவை மொழி பார்க்காமல் கொட்டிவிடுங்கள். இரண்டு மொழி கலக்கட்டும், பாதி வாக்கியத்தில் நிற்கட்டும். இது உங்களுக்கான பிரதி, யாருக்கும் அனுப்பப் போவதில்லை.

பிறகு படித்துப் பார்த்து, இருப்பதிலேயே முக்கியமான வரி எது என்று கோடிடுங்கள். பெரும்பாலும் அது கடைசிப் பத்தியில் கிடைக்கும். ஏனென்றால் நாம் யோசித்த வரிசையில் எழுதியிருக்கிறோம், யோசித்து முடித்த இடம் கடைசியில்தானே இருக்கும்? படிப்பவருக்கோ அதுதான் முதலில் வேண்டும். எடுத்து மேலே வையுங்கள்.

மொழித் திறமை எவ்வளவு இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் சறுக்கலாம் என்பதற்கு கொலம்பியா விண்கலம் ஒரு கசப்பான உதாரணம். 2003 ஜனவரி 16 அன்று அது புறப்பட்ட சிறிது நேரத்தில், வெளி எரிபொருள் தொட்டியிலிருந்து உடைந்த ஒரு நுரைத் துண்டு இடது இறக்கையில் மோதியது. விண்கலம் மேலே சுற்றிக்கொண்டிருந்தபோதே, சேதம் எவ்வளவு இருக்கும் என்று பொறியாளர்கள் மதிப்பிட்டு நாசா அதிகாரிகளுக்குச் சில சிலைடுகளைத் தயாரித்தார்கள். அதில் ஒரு சிலைடின் தலைப்பு, விண்கலத்தை வெப்பத்திலிருந்து காக்கும் ஓடு துளைபடுவது குறித்த சோதனைத் தரவுகள் பாதுகாப்பான பக்கமே இருப்பதாகக் காட்டுகின்றன என்ற பொருளில் இருந்தது. கீழே புள்ளி வைத்து, உட்புள்ளி வைத்து, பல வரிகள். எல்லாவற்றுக்கும் அடியில், மிகச் சிறிய எழுத்தில், உண்மையான நிலைமை சோதனைத் தரவுகளுக்கு வெகு வெளியே இருக்கிறது என்று ஒரு வரி. சோதனையில் பயன்படுத்திய துண்டின் அளவு 3 கன அங்குலம், மோதியதாக மதிப்பிட்டது 1,920 கன அங்குலம்.

அதாவது 640 மடங்கு. தலைப்பில் இருக்க வேண்டிய எண் அது. "640 மடங்கு பெரிய துண்டு மோதியிருக்கிறது, இவ்வளவு பெரியதற்கு எங்களிடம் சோதனைத் தரவே இல்லை" என்று முதல் வரியில் எழுதியிருந்தால் யாருக்கும் அகராதி தேவைப்பட்டிருக்காது. பிப்ரவரி 1 அன்று திரும்பி வரும் வழியில் விண்கலம் சிதறியது, 7 பேர் இறந்தார்கள். அந்த வரி மேலே இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது, தவறுகள் பல இடங்களில் நடந்திருந்தன. ஆனால் விபத்தை ஆராய்ந்த குழு, அதே ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் இந்தச் சிலைடைத் தனியாக எடுத்து வைத்து விமர்சித்தது. எழுதியவர்களுக்கு மொழியும் தெரியும், துறையும் தெரியும். எது முக்கியம் என்பதைப் படிப்பவரே தோண்டி எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டதுதான் குறை.

படி 4: இணைப்புச் சொற்களைச் சோதியுங்கள்

இது சிறிய வேலை, பலன் பெரிது. உங்கள் வரைவில் "மேலும்" என்ற சொல் வரும் இடங்களையெல்லாம் வட்டமிடுங்கள். "மேலும்" என்பது பல நேரங்களில், இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் என்ன தொடர்பு என்று யோசிக்கச் சோம்பல்பட்டதற்கான அடையாளம்.

"கடந்த மாதம் புகார்கள் கூடியுள்ளன. மேலும், புதிய மென்பொருள் நிறுவப்பட்டது. மேலும், இரண்டு ஊழியர்கள் விடுப்பில் இருந்தனர்." இதில் எது காரணம், எது விளைவு? எழுதியவருக்கே தெரியுமா என்பது சந்தேகம். "மேலும்" எடுத்துவிட்டு "அதனால்", "ஆனால்", "இருந்தாலும்", "ஏனென்றால்", "அதற்குப் பிறகு" என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். "இரண்டு ஊழியர்கள் விடுப்பில் இருந்தார்கள், அதே வாரம் மென்பொருளும் மாறியது. அதனால் பதில்கள் தாமதமாயின. தாமதம் பற்றித்தான் பெரும்பாலான புகார்கள்." இப்படி எழுதும்போதே ஒரு கேள்வி எழும்: உண்மையிலேயே அதே வாரமா? புகார்கள் தாமதம் பற்றியவைதானா? எழுந்து போய்ச் சரிபார்க்க வேண்டியிருக்கும். "அதனால்" என்று எழுதுகிறவர் அதற்குப் பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது. "மேலும்" அந்தப் பொறுப்பிலிருந்து தப்பிக்க வைக்கிறது.

எந்த இணைப்புச் சொல்லும் பொருந்தவில்லையா? இரண்டில் ஒரு வாக்கியம் அங்கே இருக்க வேண்டியதில்லை. நன்னூல் சொல்லும் மற்றொன்று விரித்தல்.

படி 5: இரண்டு விதமாகப் புரியக்கூடிய இடங்களை அடைத்துவிடுங்கள்

எழுதுபவருக்குத் தன் மனதில் இருப்பது தெரியும், அதனால் தான் எழுதியதை ஒரே விதமாகத்தான் படிக்க முடியும். படிப்பவருக்கு அந்த வசதி இல்லை.

1854 அக்டோபர் 25, கிரிமியப் போரில் பாலக்லாவா. பிரிட்டிஷ் தளபதி ராக்லன் பிரபு குன்றின் மேல் நின்றுகொண்டு குதிரைப் படைக்கு ஓர் உத்தரவு அனுப்பினார்: வேகமாக முன்னேறி, எதிரிகள் பீரங்கிகளைக் கொண்டுபோய்விடாமல் தடுக்கவும். எந்தப் பீரங்கிகள் என்று அதில் இல்லை. மேலிருந்து பார்த்தவருக்கு அது சொல்லவே தேவையில்லாத விஷயம், கண்ணெதிரே தெரிந்தது. கீழே பள்ளத்தாக்கில் இருந்தவர்களுக்கோ தெரிந்தது வேறு பீரங்கிகள், எதிரே தயாராக நின்ற ரஷ்யர்களுடையவை. அறுநூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அவற்றை நோக்கிக் குதிரைகளை ஓட்டினார்கள், நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. உத்தரவில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை.

தமிழில் எழுதும்போது இப்படி மாட்டிக்கொள்ளச் சில வழக்கமான இடங்கள் உண்டு. "புலி கொன்ற யானை" என்றால் செத்தது எது? இலக்கணக்காரர்கள் காலங்காலமாக எடுத்துக்காட்டும் சிக்கல் இது. "புலியைக் கொன்ற யானை", "புலியால் கொல்லப்பட்ட யானை" என்று உருபைப் போட்டுவிட்டால் தீர்ந்தது. "எல்லாரும் வரவில்லை" என்றால் ஒருவர்கூட வரவில்லையா, சிலர் மட்டும் வரவில்லையா? பேசும்போது குரல் காட்டிக்கொடுக்கும், எழுத்தில் குரல் இல்லை. "யாருமே வரவில்லை" அல்லது "நான்கு பேர் வரவில்லை" என்று எழுதுங்கள். "அது", "இது", "அவர்", "மேற்படி" வருகிற இடங்களிலெல்லாம் நிறுத்தி, எதைக் குறிக்கிறது என்று கேளுங்கள். சந்தேகம் வந்தால் பெயரையே மறுபடி எழுதுங்கள், அழகு கெட்டாலும் பரவாயில்லை.

அப்புறம் இந்தச் செயப்பாட்டு வினை. "முடிவெடுக்கப்பட்டது", "பரிசீலிக்கப்பட்டு வருகிறது". யார் முடிவெடுத்தார்கள்? யார் பரிசீலிக்கிறார்கள்? தமிழில் எழுவாயைச் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம் என்பது நல்ல வசதிதான், ஆனால் பொறுப்பை மறைக்கவும் அதே வசதி உதவுகிறது. வேண்டுமென்றே மறைக்கிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. பழக்கதோஷத்தால் எழுதுகிறவர்கள் ஆளின் பெயரையோ பதவியையோ போட்டுப் பாருங்கள்.

படி 6: இப்போது மொழி

எல்லாப் பிழைகளும் ஒரே எடை இல்லை. நேரம் குறைவாக இருந்தால் பொருளை மாற்றக்கூடியவற்றை முதலில் பாருங்கள்: எண்கள், தேதிகள், வேற்றுமை உருபுகள், காலம் காட்டும் இடைநிலைகள், "இல்லை" "வேண்டாம்" வருகிற இடங்கள். "அவரிடம் கொடுத்தேன்" என்பதும் "அவரிடமிருந்து எடுத்தேன்" என்பதும் குழம்பினால் வேலையே கெடும். ஒற்று விடுபட்டால் பெரும்பாலும் பொருள் கெடாது. ஆனால் "தந்த பலகை" யாரோ கொடுத்தது, "தந்தப் பலகை" யானைத் தந்தத்தில் செய்தது. இப்படிப்பட்ட இடங்களும் இருப்பதால் ஒற்றே தேவையில்லை என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். வரிசை மட்டும்தான் என் கவலை.

எழுதும் மொழி உங்கள் தாய்மொழி இல்லையென்றால் இரண்டு விஷயங்கள் கைகொடுக்கும். ஒன்று, வாக்கியத்துக்கு ஒரு வினைமுற்று. நீள வாக்கியத்தில்தான் இலக்கணம் உடைகிறது. இரண்டு, ஒரு பொருளுக்கு ஒரே சொல். பள்ளிக்கூடத்தில் "வந்த சொல்லே திரும்ப வரக்கூடாது" என்று சொல்லித் தந்திருப்பார்கள். கதை, கட்டுரைப் போட்டிக்கு அது சரி. வேலைக்கான எழுத்தில் முதல் வரியில் "அறிக்கை", அடுத்ததில் "ஆவணம்", அதற்கடுத்து "கோப்பு" என்று எழுதினால், படிப்பவர் மூன்று பொருள்களைத் தேடுவார்.

மென்பொருளையோ செயற்கை நுண்ணறிவையோ திருத்தச் சொல்வதானால் இந்தப் படியில்தான், அதற்கு முன்பு வேண்டாம். குழப்பமான வரைவைக் கொடுத்தால் அது குழப்பத்தை வழவழப்பாக்கித் திருப்பித் தரும். கரடுமுரடாக இருந்தபோது உங்களுக்கே உறுத்திய இடம் இப்போது கண்ணில் படாது. திருத்தி வந்ததை உங்கள் வரைவோடு ஒப்பிடும்போது, "வரலாம்" என்று நீங்கள் எழுதியது "வரும்" ஆகியிருக்கிறதா என்று குறிப்பாகப் பாருங்கள். உங்களுக்கு இருந்த சந்தேகம் காணாமல் போயிருந்தால் அது திருத்தம் இல்லை, வேறு செய்தி.

படி 7: ஒருவரிடம் கொடுத்து, சரியான கேள்வியைக் கேளுங்கள்

"நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால் "நன்றாகத்தான் இருக்கிறது" என்பார்கள். தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "இதில் நான் உங்களை என்ன செய்யச் சொல்கிறேன்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதில் படி 2இல் நீங்கள் எழுதிய வரியோடு ஒத்துப்போனால் அனுப்பலாம். ஒத்துப்போகவில்லையென்றால் அவருக்கு விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள். அந்த விளக்கத்தை எழுத்தில் சேருங்கள்.

மொழி மட்டுமே காப்பாற்றும் இடங்கள்

தெளிவு இருந்தால் எல்லாம் நடந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஒருவருக்கு மறுப்புத் தெரிவிப்பது, இரங்கல் எழுதுவது, மூத்தவர் ஒருவரின் வேலையில் குறை சொல்வது, இவற்றிலெல்லாம் யோசனை தெளிவாக இருந்தும் மொழி போதாமல் காரியம் கெட்டுப்போகலாம். "அனுப்பு", "அனுப்புங்கள்", "அனுப்ப முடியுமா?", "அனுப்பினால் உதவியாக இருக்கும்" நான்கும் கேட்பது ஒன்றைத்தான், ஆனால் வாங்குபவர் மனதில் ஏற்படுவது ஒன்றல்ல. இந்த நுணுக்கம் விதியால் வராது. அந்த மொழியில் பிறர் எழுதிய கடிதங்களைக் கவனித்துத்தான் வரும். அதுவரை இப்படிப்பட்டவற்றை அனுப்புமுன் அந்த மொழியில் வளர்ந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள். ஒப்பந்தம், சட்டம் சார்ந்த எழுத்துகளுக்கும் அப்படித்தான், அங்கே ஒரு உருபு மாறினாலும் வழக்காகிவிடும்.

நீங்கள் படிக்கும் பக்கத்தில் இருக்கும்போது

எழுதுகிறவர் சில நாளிலேயே பிறர் எழுதியதைப் படித்து முடிவெடுக்கிறவராகவும் ஆகிவிடுவார். அப்போது தடுமாறும் மொழியில் ஒரு கடிதம் வந்தால், பிழைகளை மனதுக்குள் திருத்திவிட்டு, எஞ்சியிருக்கும் செய்தி என்ன என்று பாருங்கள். மிகச் சரளமாக எழுதிய ஒன்று வந்தால் இன்னும் மெதுவாகப் படியுங்கள். நடை இழுத்துக்கொண்டு போகும்போது, நடுவே ஒரு காரணம் விடுபட்டிருப்பதைத் தாண்டிப் போய்விடுவோம்.

புரியாத கடிதத்துக்குப் பதில் எழுதும்போது "தெளிவாக எழுதவும்" என்று திருப்பி அனுப்புவதால் பயனில்லை. தெளிவாக இருக்கிறது என்று நினைத்துத்தானே அவர் அனுப்பினார்? "நான் புரிந்துகொண்டது இது: பட்டியல் திங்களன்று வரும், காரணம் இரண்டு கிளைகளின் கணக்கு. சரிதானா?" என்று இரண்டு வரி எழுதுங்கள். தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் அவர் உடனே திருத்துவார்; பெரும்பாலும் அந்தத் திருத்தம் முதல் கடிதத்தைவிடத் தெளிவாக இருக்கும்.